பேருக்கு ஒரு ஃபோர்மேன்

வெளிநாடு போவதற்கான போலீஸ் கிளியரன்ஸ் விசாரணைக்கு வந்த ஏட்டு பாண்டிச்செல்வம், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, "வெயிலு என்னா போடு போடுது" என்று கழுத்தைத் துடைத்து, எல்லாச் சம்பிரதாயமும் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, உனக்குக் கிளியரன்ஸ் கிடைக்காதும்மா. உம் பேர்ல கேஸ் கிடக்கு. நீ தலைமறைவுன்னுல்ல போட்டிருக்கு?"

கற்பகவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஐந்தரை மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு ரெண்டு மாசமாக ஆனைக்குட்டத்தில் அப்பா வீட்டில் இருக்கிறாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள், சுகாதார நிலையத்தில் போய் ஊசி போட்டுக்கொள்கிறாள். இவளா தலைமறைவு?

"நல்லாப் பாருங்கண்ணே. வேற கற்பகவல்லியா இருக்கும்."

"அப்பா பேரு சீனிச்சாமி, ஊரு ஆனைக்குட்டம், படிப்பு எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இந்த ஊர்ல எத்தன கற்பகவல்லி எம்.எஸ்சி. படிச்சிருக்கா?" ஏட்டு தாளைத் திருப்பினார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்கப்பா வேன் ஓட்டுற பட்டாசுக் கம்பெனியில நடந்த வெடி விபத்து கேஸு. மூணு பேரு செத்தாகள்ல, அது. முதல் எதிரி முதலாளி. ரெண்டாவது, குத்தகைக்கு எடுத்து நடத்துன ஆளு. மூணாவது எதிரி ஃபோர்மேன் கற்பகவல்லி. முதல் ரெண்டு பேரும் அப்பவே முன்ஜாமீன் வாங்கிட்டாக. மூணாவது ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

"இந்தா உக்காந்திருக்கேனே. என்னைய யாரு வந்து தேடுனா?"

"தேடுனோம்னு எழுதியிருக்கு" என்றார் ஏட்டு. சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "இங்க பாரும்மா, ஒரு வாரம் ரிப்போர்ட்டை அனுப்பாம வச்சிருக்கேன். முதலாளியைப் போயிப் பாருங்க. அவுக மனசு வச்சா முடியும்."

வாசலில் சீனிச்சாமி கம்பெனி லோடு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏட்டு சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். மகள் மேல் போலீஸ் கேஸ் என்றால் எந்த அப்பனும் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவருவான். இந்த மனுசன் டயரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும்தான் கற்பகவல்லிக்குச் சுருக்கென்றது.

ஏட்டின் பைக் தெருமுனை திரும்புகிறவரைக்கும் பொறுத்திருந்தாள்.

"யப்பா, உங்களுக்கு இது தெரியும்."

"என்னத்தா?"

"என்னத்தாவா? எம் பேர்ல கேஸ் இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"ஸ்டேஷன்ல இருந்து ஒரு தாளு வந்துச்சு தாயி. முதலாளிகிட்ட கொண்டுபோயிக் குடுத்தேன். நான் பாத்துக்கிறேன், புள்ளைகிட்டச் சொல்லிப் பயங்காட்டாதன்னு சொன்னாக."

"எனக்கு வந்த தாளை எனக்குக் காட்டாம அவருகிட்டக் குடுத்தியா? அவரு வாங்கி மேசைக்குள்ள வச்சுக்கிட்டாரு, நீ வேனை எடுத்துக்கிட்டு லோடு அடிக்கப் போயிட்ட. அப்படித்தானே?"

பிறந்ததிலிருந்து அப்பாவை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டவள். 'நீ' என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை அவள் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

இது என்ன கேஸ், எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாலு வருசத்துக்கு முந்தி எம்.எஸ்சி. ரிசல்ட் வந்த வாரம், சீனிச்சாமி கையெழுத்துப் போட வேண்டிய ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "கம்பெனிக்கு, பாதுகாப்பைப் பாத்துக்கிற ஃபோர்மேன்னு பேரு ஒண்ணு வேணுமாம் தாயி. படிச்ச ஆளா வேணுங்கிறாக. நீ ஒண்ணும் போக வேணாம், வர வேணாம். சும்மா பேருக்குத்தான்." கற்பகவல்லி கையெழுத்துப் போட்டாள். ஒரு நாள் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்து, சர்டிஃபிகேட்டும் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த மாசம் சென்னையில் தண்ணீர் பரிசோதிக்கிற லேபில் வேலை கிடைத்து ரயிலேறினாள். அதோடு அதை மறந்துபோனாள். அப்படித்தான் அவள் சொன்னாள், அப்படித்தான் நம்பவும் செய்தாள்.

இந்தச் சிவகாசிப் பக்கத்தில் 'பேருக்கு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை கம்பெனி ஓடுகிறது தெரியுமா? லைசென்ஸ் ஒருத்தர் பேருக்கு, உள்ளே நடத்துகிறவன் இன்னொருத்தன். தீயணைக்க வைத்த மணல் வாளி பேருக்கு. ரூமுக்கு நாலு ஆள் என்று சுவரில் எழுதியிருப்பது பேருக்கு. அதில் ஒரு ஃபோர்மேனும் பேருக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே, யார் குடி முழுகப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்று பேர் குடி முழுகியது.

கேஸ் கிடக்கட்டும், கற்பகவல்லியின் வயிற்றெரிச்சல் வேறு. அவளுக்கு நாள் இல்லை.

அவள் புருசன் ஆஸ்திரேலியாக்காரன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற வேலைக்காகச் சென்னைக்கு வந்து, அவள் லேபுக்குத் தண்ணீர் பாட்டிலோடு நடையாய் நடந்து, கடைசியில் அவளையே கேட்டான். பேர் காலம். அவன் ஊர் உச்சரிப்பு வேறு என்னமோ, ஆனால் ஆனைக்குட்டத்து வாய்க்கு அப்படித்தான் வந்தது. முதலில் வீட்டில் பெரிய ரகளை. பிறகு அவன் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு இட்லி தின்றதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. தெருக்காரர்களுக்குக் கேலி செய்ய ஆள் கிடைத்தான். "என்னத்தா, ஒனக்குக் காலம் எப்ப வரும்?" "காலம் போயிருச்சா, இருக்கா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள்.

வேலை ஒப்பந்தம் முடிந்து அவன் பெர்த் நகரத்துக்குத் திரும்பின மறுவாரம்தான் பிள்ளை தரித்தது தெரிந்தது. போன வருசம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அந்த ரெண்டு நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தவன் அவன். இந்தப் பிள்ளை பிறக்கும்போது அவன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் அவள் ஒரே பிடியாக இருந்தாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

வழி மூன்று இருந்தது. புருசனோடு சேர்ந்து வாழ்வதற்கான பார்ட்னர் விசாவுக்கு இங்கிருந்தே போடலாம், ஆனால் வருசக்கணக்கில் இழுக்கும், பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும். விசிட்டர் விசா வாங்கிப் போய், அங்கே பெற்று, அங்கிருந்தே பார்ட்னருக்குப் போடலாம். இல்லையென்றால் அவன் இங்கே வர வேண்டும். அவன் சேர்ந்திருப்பதோ புது வேலை, லீவு கிடையாது. ஆகவே ரெண்டாவது வழி என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். எட்டாம் மாசம் தொடங்கிவிட்டால் விமானத்தில் ஏற டாக்டரம்மா சர்டிஃபிகேட் தர மாட்டார். அங்கே போனதும் பார்ட்னர் விசாவுக்குத் தேவைப்படுமே என்றுதான் கிளியரன்ஸுக்கு முன்கூட்டியே எழுதிப்போட்டாள். இப்போது பார்த்தால் விசிட்டர் பாரத்திலேயே ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது: உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா? இரண்டு கட்டம். ஆமாம், இல்லை.

மறுநாள் காலையில் கம்பெனி ஆபீசுக்குப் போனார்கள். சீனிச்சாமி மட்டும் கூட வந்தால் போதும் என்றுதான் இருந்தது. அம்மா செல்லத்தாய் கேட்கவில்லை. "எம் மகமேல கேஸைப் போட்டவன் மூஞ்சிய நானும் பாக்கணும்" என்று சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். இருபது வருசம் அந்தக் கம்பெனியில் திரி வெட்டினவள். விபத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கையெழுத்துக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. முதலாளி ஏதோ பழியைத் தூக்கி மகள் தலையில் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டிய ரெண்டு பேரும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

ஆபீசில் முதலாளி இல்லை. அவர் மகன் விக்னேஷ்குமார் இருந்தான். ஏசி ரூம், கண்ணாடி மேசை, ஃபேன்சி ரக வெடிகளின் படம் போட்ட காலண்டர். எழுந்து நின்று கும்பிட்டான்.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க. ஜூஸ் சாப்பிடுறீங்களா? இந்த மாதிரி நேரத்துல அலையக் கூடாது, போன் அடிச்சா நானே ஆள் அனுப்பியிருப்பேனே."

தேன் ஒழுகியது பேச்சில். கற்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு வருசமா நான் தலைமறைவு. அதுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"

"அது வக்கீல் ஐடியா சிஸ்டர். நீங்க சென்னையில இருந்தீங்க, எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்னு. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலை. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சு பேப்பரே ரெடி பண்ணி வச்சிருக்கோம். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா எதிரி லிஸ்ட்ல இருந்து எடுத்து சாட்சியா மாத்திருவாங்க. கேஸும் முடிஞ்சிரும். உங்க கிளியரன்ஸும் ஒரே வாரத்துல வந்துரும்."

டைப் அடித்த ஒரு தாளை நகர்த்தினான். "சத்தமாப் படித்தா, எனக்கும் கேக்கட்டும்" என்றாள் செல்லத்தாய்.

கற்பகவல்லி படித்தாள். சம்பவத்தன்று நான் ஃபோர்மேனாகப் பணியில் இருந்தேன். அறையில் நான்கு தொழிலாளர்களே இருந்தனர். தொழிலாளி மூக்கம்மாள் என்பவர், நான் பலமுறை எச்சரித்தும் கேளாமல், இரும்புத் தகட்டால் வெடிமருந்தைச் சுரண்டினார். அதனால் ஏற்பட்ட தீப்பொறியே விபத்துக்குக் காரணம்.

"நிறுத்து" என்றாள் செல்லத்தாய். "மூக்கம்மா இரும்ப எடுத்தாளா? எவன் சொன்னான்? ஏய்யா தம்பி, நான் அடுத்த ரூம்ல உக்காந்திருந்தேன்யா! நாலு பேரா அங்கன இருந்தாக? பதினோரு பேரு! சீசன் ஆர்டரு, முடிக்கணும் முடிக்கணும்னு ஆட்ட அடைச்ச மாதிரி அடைச்சு வச்சிருந்தீக. மூட்டை மூட்டையா மருந்து கிடக்கு. மூக்கம்மாதான் எந்திரிச்சு வெளிய வந்து சத்தம் போட்டா. உள்ள கொதிக்குதுய்யா, இம்புட்டு மருந்த வச்சுக்கிட்டு இம்புட்டுப் பேரு இருக்கக் கூடாது, ஃபோர்மேன் யாரு, அவரக் கூப்பிடுங்கன்னு கேட்டா. ரெண்டு தரம் கேட்டாய்யா. எங்காதால கேட்டேன். அதுக்கு அந்தக் குத்தகைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? ஃபோர்மேனெல்லாம் பேருக்குத்தான், நீ போயி வேலையப் பாருன்னான். அவ உள்ள போயி உக்காந்தா. கண்ண மூடித் தொறக்கல..."

செல்லத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, பக்கத்தில் இருந்த மகளிடமே சொன்னாள்:

"உம் பேரப் பொய்யா எழுதிட்டாக, நெசமா அந்த ஃபோர்மேன் எந்த நாசமாப் போறவன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுடி."

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். விக்னேஷ்குமார் பேனாவை மூடித் திறந்தான். இவ்வளவு நேரமும் அப்பா மேல், முதலாளி மேல், போலீஸ் மேல் என்று பாய்ந்துகொண்டிருந்த கோபம் சட்டென்று போக்கிடம் இல்லாமல் நின்றது.

"நான்தாம்மா" என்றாள்.

செல்லத்தாய்க்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. புரிந்ததும் அவள் மகளை அடிக்கவில்லை, வையவில்லை. எழுந்து, புருசன் பக்கம் பார்த்து, "கையெழுத்து வாங்கிக் குடுத்தது நீங்களா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் வெளியே போய் வேன் நிழலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யோசிங்க சிஸ்டர்" என்றான் விக்னேஷ்குமார், அப்போதும் அதே தேனில். "செத்தவங்க மேல எந்தக் கேஸும் நிக்காது. அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. உங்களுக்குத்தான் பிள்ளை வரப்போகுது."

கற்பகவல்லி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவும் இல்லை, கிழித்து எறியவும் இல்லை. அந்த நிமிசத்தில் அவள் போடத்தான் நினைத்திருந்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல் போட்டுவிடலாம் என்றுதான் அவள் மனசு கணக்குப் போட்டது.

மதியம் காலம் கூப்பிட்டான். அங்கே அவனுக்கு வேலை முடிகிற நேரம். வீடியோவில் அவன் முகம் வெயிலில் சிவந்திருந்தது. அவள் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். அவன் இடைமறிக்காமல் கேட்டான். நல்லவன்தான், அதில் சந்தேகம் இல்லை.

"சரி, நாம தெளிவா யோசிப்போம்" என்றான் இங்கிலீஷில். "விசிட்டர் பாரத்துல பொய் சொன்னா மாட்டுவோம். அது வேண்டாம். நான் இங்கே வேலையை விட்டா வாடகை கட்ட முடியாது. ஆனா இந்தத் தாள்ல போட்டா கேஸே இல்லாமப் போகுது. அப்புறம் பாரத்துல 'இல்லை'ன்னு போட்டா அது பொய்யே இல்ல."

"ஒரு பொம்பள தன்னையும் சாகடிச்சு, இன்னும் ரெண்டு பேரையும் சாகடிச்சான்னு நான் எழுதணும்."

"அவங்க உயிரோட இல்ல, வல்லி. நம்ம பிள்ளை வரப்போகுது. நீ மனசார எழுதுறதா நான் சொல்லல." அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று, தெரிந்த தமிழைத் தேடிப் பிடித்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சும்மா... பேருக்கு."

கற்பகவல்லிக்கு உச்சந்தலையில் யாரோ கொள்ளியை வைத்தது போல் இருந்தது.

"அந்த வார்த்தைய உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"உங்க அம்மா. பேருக்கு ரெண்டு வாய் சாப்பிடுங்க மாப்பிள்ளைன்னு..."

"வாயக் கழுவு! எந்த ஊர்ல இருந்தோ வந்து, பத்து வார்த்தை தமிழ் படிச்சு, அதுல இந்த ஒண்ணுதான் உனக்கு உருப்படியாத் தெரிஞ்சுதாக்கும்? எங்க அப்பன் சொன்னான் பேருக்குன்னு. குத்தகைக்காரன் சொன்னான் பேருக்குன்னு. நான் போட்டேன் பேருக்கு. மூணு பேரு கரிக்கட்டையாக் கிடந்தாக, அது பேருக்கா? அந்த அம்மா ஃபோர்மேன் எங்க, ஃபோர்மேன் எங்கன்னு கேட்டுக்கிட்டு நின்னப்ப நான் மெட்ராஸ்ல உங்கூட ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு இருந்திருப்பேன்! இப்ப அந்த அம்மா மேலயே பழியப் போட்டுட்டு நான் ஃப்ளைட் ஏறணும், அங்க நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், நான் புள்ளையப் பெத்துக்கிடணும்!"

அவனுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவள் கத்தியது புரிந்தது. அவனும் கத்தினான். நான் என்ன எனக்காகவா சொன்னேன், போன தடவை மாதிரி ஆயிட்டா யாரு உன் பக்கத்துல இருப்பாங்க என்று கேட்டான். அதைக் கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டாள். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளை இன்னும் எரித்தது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

மறுநாள் காலையில் குளித்து, தலையை இறுக்கிப் பின்னி, பாஸ்போர்ட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சீனிச்சாமி வாசலை மறித்தார்.

"தாயி, நீ போயி உள்ளதைச் சொன்னா என்னையும் சேத்துல்ல உள்ள தள்ளுவாக? எனக்கு வேலை போயிரும்."

"போகட்டும். தள்ளுனா ரெண்டு பேரும் சேந்தே போவோம். கையெழுத்து வாங்குனதும் நீ, போட்டதும் நான்."

"மாப்பிள்ளையப் பத்தி நெனச்சுப் பாத்தியா? வயித்துல கிடக்குற புள்ளைய?"

"வேற எதை நெனச்சுக்கிட்டு நான் ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தேன்னு நெனைக்கிற? வழிய விடு."

அவர் விட்டார். செல்லத்தாய் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கவில்லை. முதல் நாளிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது காலத்திடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'இன்னும் கோபமாத்தான் இருக்கேன். ஆனா இந்திய விசாவுக்குப் போட்டுட்டேன்.' அவள் அதை மூன்று தடவை படித்தாள். அவன் வேலை போனால் போனதுதான் என்பதும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவளைப் பார்த்த சந்தோசத்தில் இல்லை, எரிச்சலில்.

"ஏம்மா, உனக்கு என்ன கிறுக்கா? சாட்சியா மாத்த எல்லாம் ரெடியா இருக்கு. நீ பாட்டுக்கு வந்து நான்தான் மூணாவது எதிரின்னு நிக்கிற."

"நான் தலைமறைவு இல்ல சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் அந்தக் கம்பெனிக்கு ஒரு நாள்கூட ஃபோர்மேனாப் போனதில்ல. கையெழுத்து மட்டும் போட்டேன். அந்த ரூம்ல பதினோரு பேரு இருந்திருக்காக. ஃபோர்மேனக் கூப்பிடுங்கன்னு மூக்கம்மா கேட்டிருக்காக. இந்தாங்க, நேத்து எங்கிட்டக் கையெழுத்துக் கேட்ட தாளு. இதையும் சேத்து வைங்க."

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பாண்டிச்செல்வம் மூலையில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார்கள்.

"கையெழுத்துப் போட்ட பொறகு இந்த ஃபோர்மேன் விவகாரம் உனக்கு நெனப்புல இருந்துச்சா?"

"மறந்துட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். "நாளைக்குக் கோர்ட்டுல ஆஜராகணும். வயித்துப் புள்ளைக்காரி, ஜாமீன் குடுத்துருவாக. ஆனா பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிடுவாக. கேஸு முடியிற வரைக்கும் வெளிநாட்டை மறந்துரு."

"சரி சார்" என்றாள். அந்த ஒரு 'சரி'யில் பெர்த்தும் ஆஸ்பத்திரியும் அவள் பேசி முடித்திருந்த அத்தனை ஏற்பாடும் போயிற்று. அழுகை வரவில்லை. வீம்பாக ஒரு நிம்மதிகூட வந்தது. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இனி எவன் முகத்திலும் முழிக்கலாம் என்று நினைத்தாள்.

அந்த நிம்மதியோடுதான் மூக்கம்மாளின் வீட்டுக்கும் நடந்தாள். அவர் மகள் முத்துமாரி பள்ளிக்கூடத்தில் இவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இப்போது தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். வாசலுக்கு உள்ளே பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். கற்பகவல்லி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். கையெழுத்து, ஃபோர்மேன், முதலாளி மகன் நீட்டிய தாள், ஸ்டேஷன், போன விசா. உங்க அம்மா மேல பழி விழ நான் விடலை என்று சொல்லி முடித்தாள்.

முத்துமாரி கையைத் துடைக்கவில்லை. உட்காரு என்றும் சொல்லவில்லை.

"விசாவுக்குப் போலீஸ் வந்த பெறகுதான் எங்கம்மா நெனப்பு வந்துச்சாக்கும்?"

"முத்து..."

"எங்கம்மா செத்த துட்டிக்கு வந்தேல்ல நீ? இந்தா, நீ நிக்கிற எடத்துலதான் உக்காந்து அழுத. எந்தக் கம்பெனின்னு உனக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்கு ஃபோர்மேன்னு கையெழுத்துப் போட்டது நீ. அன்னைக்கு உனக்குத் தெரியாதா? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. மறந்துட்டேன்னு மட்டும் சொன்ன, இந்தப் பசைய உம் மூஞ்சில ஊத்திருவேன்."

கற்பகவல்லி துட்டிக்கு வந்த அன்றைக்கு, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தப் பாரம் கண்ணுக்குள் வந்து நின்றது. கம்பெனி பேரும், கீழே அவள் கையெழுத்தும். யாரிடமாவது கேட்கலாமா என்று நினைத்தாள். சாயங்காலம் சென்னைக்கு ரயில் இருந்தது. கேட்காமல் ஏறிவிட்டாள். மறப்பது ஒன்றும் அவ்வளவு சிரமமாகவும் இருக்கவில்லை.

"தெரியும் முத்து" என்றாள். "அன்னைக்கே தெரியும்."

முத்துமாரி அவளைப் பார்த்தபடியே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள் கற்பகவல்லி, அடித்தால் தேவலை என்றும் இருந்தது. முத்துமாரி குனிந்து அடுத்த பெட்டியை எடுத்து லேபிளை வைத்து அழுத்தினாள்.

"இதை ஸ்டேஷன்ல சொன்னியா?"

"இல்ல."

"அப்ப போயி அதையும் சொல்லு."

கற்பகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, வந்த வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தாள்.